மூளை ஓய்ந்துபோகும் நாளுக்காக முன்கூட்டியே செய்துவைப்பவை

இரண்டாம் ஆண்டில் ஓர் அசைன்மென்ட்டை முழுதாக எழுதி முடித்து வைத்திருந்தேன். ஆனால் சமர்ப்பிக்கவில்லை. கடைசித் தேதியை இரண்டு நாள் முன்னால் நகர்த்தியிருந்தார்கள். அது வகுப்புக் குழுவில் வந்து குவிந்த செய்திகளுக்கு நடுவே ஒற்றை வரியாக வந்து போயிருக்கிறது. பாடத் தளத்தில் பழைய தேதியேதான் இருந்தது. விஷயம் தெரிந்ததும் அறைக் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு, மாலை வரை தரையில் உட்கார்ந்திருந்தேன். பேச்சே வரவில்லை. இப்படி மூளை ஓய்ந்துபோவதற்கு ஷட்டவுன் என்று பெயர் இருப்பதே அப்புறம்தான் தெரியும். அடுத்த வருடம்தான் எனக்கு ஆட்டிசம் என்று உறுதியானது.

பின்னால் யோசித்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. எனக்குப் பாடம் கஷ்டமாக இருக்கவில்லை. எந்த அறிவிப்பு எங்கே வரும் என்று தேடுவது, கேள்வி என்ன கேட்கிறது என்று ஊகிப்பது, இரைச்சலுக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது என்று பாடத்தைச் சுற்றியிருக்கும் வேலையிலேயே என் சக்தி தீர்ந்துபோயிருந்தது. கருவிகளிடம் ஒப்படைக்க வேண்டியது அந்த வேலையைத்தான். ஆனால் மூளை ஓய்ந்துபோன நாளில் ஒரு புது ஆப்பை அமைக்க நம்மால் முடியாது. அதனால் இதையெல்லாம் செமஸ்டர் தொடங்கும் வாரத்தில், தலை தெளிவாக இருக்கும் ஒரு நாளில் செய்து வைத்துவிடுங்கள்.

முதலில் தேதிகள். எல்லாத் தேதியும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். உங்கள் பல்கலைக்கழகம் மூடில் (Moodle) என்ற பாடத் தளத்தைப் பயன்படுத்தினால், அதன் கேலண்டர் பக்கத்தில் ஏற்றுமதி செய்யும் வசதியைத் தேடுங்கள். அது ஒரு முகவரி தரும். அதைக் கணினியில் கூகுள் கேலண்டரைத் திறந்து, பிற கேலண்டர்கள் பகுதியில் முகவரி வழியாகச் சேர்க்கும் இடத்தில் ஒட்டினால், தேதிகள் தாமாக வந்து சேரும். மாற்றங்கள் உடனே தெரியாது, பல மணி நேரம் ஆகலாம். அதனால் இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வகுப்புக் குழுவை நான் மியூட் செய்துவிட்டேன். மாலை 6 மணிக்கு ஒரே ஒரு முறை திறந்து, தேதி ஏதாவது தென்படுகிறதா என்று மட்டும் பார்ப்பேன். அதோடு ஒரு தோழியிடம், “தேதி மாறினா எனக்குத் தனியா ஒரு மெசேஜ் போடுறியா?” என்று கேட்டுவைத்தேன். இன்றுவரை தவறாமல் போடுகிறாள்.

கேலண்டரில் ‘அசைன்மென்ட் கடைசி நாள்’ என்று ஒரே பதிவாகப் போட்டால் எனக்கு வேலைக்கு ஆகாது. அந்த நாள் வரைக்கும் அது வெறும் பயமாகத்தான் இருக்கும். நான் மூன்று பதிவு போடுகிறேன். 14 நாள் முன்னால்: ‘கேள்வியைத் திற, ஒரு முறை படி, மூடு’. 6 நாள் முன்னால்: ‘முதல் வரைவு, மோசமாக இருந்தாலும் போதும்’. ஒரு நாள் முன்னால், காலை 10 மணிக்கு: ‘சமர்ப்பி’. கடைசிப் பதிவுக்கு மட்டும்தான் சிவப்பு நிறம். எல்லாமே சிவப்பாக இருந்தால் கண்ணுக்கு எதுவும் தனியாகத் தெரியாது. ஒரு பதிவுக்கே பல நினைவூட்டல்கள் வைக்கலாம். எனக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம், பத்து நிமிடம் என மூன்று வேண்டும். திடீரென்று ஒலிக்கும் ஒற்றை மணி என்னைத் தூக்கிவாரிப் போட்டுவிடும்.

அடுத்தது கேள்வி. ‘விமர்சன நோக்கில் மதிப்பிடுக’ என்ற ஒரு வரியின் முன்னால் ஒரு முழு மதியமும் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை விமர்சனம்? யாருடைய நோக்கு? மற்றவர்கள் கேட்காமலேயே புரிந்துகொள்ளும் இந்த எழுதப்படாத பகுதிதான் நமக்குச் சுவர். ஏஐ உரையாடல் கருவியை நான் இதற்குத்தான் பயன்படுத்துகிறேன், அதுவும் பல்கலைக்கழகத்தின் விதி அனுமதிக்கிறதா என்று பார்த்த பிறகு. நான் கொடுப்பது இது: “இந்தக் கேள்விக்கு விடை எழுதாதே. என்னை என்னென்ன செய்யச் சொல்கிறார்கள் என்று தனித்தனி வாக்கியமாகச் சொல். எந்த இடத்தில் இரண்டு பொருள் வருகிறது என்று காட்டு.” அது தவறாகவும் சொல்லும். ஆனால் இரண்டு பொருள் வரும் இடம் தெரிந்துவிட்டால் ஆசிரியரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும். எனக்கு அதுவே பெரிய விஷயம்.

வேலையைத் துண்டு போட கோப்ளின் டூல்ஸ் என்று ஓர் இணையதளம் இருக்கிறது. அதில் மேஜிக் டூடூ பகுதியில் வேலையை ஒரு வரியாக எழுதினால் சின்னச் சின்ன படிகளாகப் பிரித்துத் தரும். எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்க வேண்டும் என்பதை மிளகாய்களின் எண்ணிக்கையால் சொல்லலாம். மோசமான நாளில் நான் மிளகாயை ஏற்றிவிடுவேன். ‘கோப்பைத் திற, தலைப்பைத் தட்டச்சு செய், சேமி’ என்ற அளவுக்கு இறங்கினால்தான் அன்று கை நகரும். தட்டச்சும் வராத நாளில் கூகுள் டாக்ஸில் குரல் வழியாகத் தமிழில் பேசிவிடுகிறேன். பிழைகளை அப்புறம் திருத்திக்கொள்ளலாம்.

ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுவது எனக்கு இரண்டு மணி நேர வேலையாக இருந்தது. இப்போது நிலையான வார்ப்புகள் வைத்திருக்கிறேன். ஜிமெயிலில், கணினியில் அமைப்புகளுக்குள் போய் டெம்ப்ளேட் வசதியை இயக்கிவிட்டால் போதும். அதில் ஒன்று இது: “வணக்கம். நான் உங்கள் … வகுப்பு மாணவி. எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. கேள்வி எண் … இல், … என்பதை நான் இரண்டு விதமாகப் புரிந்துகொள்கிறேன்: ஒன்று …, இன்னொன்று …. எது சரி என்று எழுத்தில் சொன்னால் உதவியாக இருக்கும். நன்றி.” ஆட்டிசத்தைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டாலும் கடிதம் நிற்கும்.

சத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். புலன்களின் மிகைக் கூர்மையை 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மனநலக் கண்டறிதல் கையேடு ஆட்டிசத்தின் கண்டறிதல் அளவுகோல்களிலேயே சேர்த்திருக்கிறது. அதனால் ‘கொஞ்சம் பொறுத்துக்கொள்’ என்று யாராவது சொன்னால் உங்களை நீங்களே சந்தேகப்படாதீர்கள். இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோன் வெளிச்சத்தத்துக்கு எதிரலையை உண்டாக்கி அதை அழிக்கிறது. மின்விசிறி, ஏசி போன்ற சீரான தாழ்ந்த ஒலிகளில் நன்றாக வேலை செய்யும். பேச்சுக்குரலை அவ்வளவாக அடக்காது. பேச்சு தொந்தரவு செய்தால் மேலே மழை ஒலியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐஃபோனில் ஐஓஎஸ் 15 முதல் அணுகல்தன்மை அமைப்புகளில் பின்னணி ஒலிகள் இருக்கின்றன, தனி ஆப் தேவையில்லை. வகுப்பில் காது தளர்ந்துபோனால் ஆண்ட்ராய்டின் லைவ் டிரான்ஸ்கிரைப் பேச்சை எழுத்தாகக் காட்டும். ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கவனம் பற்றி ஒரு விஷயம் எனக்கு மிகவும் உதவியது. டைனா மர்ரேயும் இரண்டு சக ஆய்வாளர்களும் 2005இல் எழுதிய கட்டுரை, ஆட்டிச மனம் ஒரு நேரத்தில் சிலவற்றில் மட்டும் ஆழமாக இறங்கும் என்கிறது. மோனோட்ரோபிசம் என்று அதற்குப் பெயர். உள்ளே இறங்கவும் நேரமாகும், வெளியே வரவும் வலிக்கும். 25 நிமிடம் வேலை, பிறகு சின்ன இடைவேளை என்று பலரும் பரிந்துரைக்கும் பொமடோரோ முறை அதனால்தான் எனக்கு ஒத்துவரவில்லை. இறங்கும்போதே மணி அடித்துவிடுகிறது. நான் 90 நிமிடம் வைத்துக்கொள்கிறேன். மணிக்குப் பதில் கைக்கடிகாரம் மெல்ல அதிரும். எழுந்து, தண்ணீர் குடித்து, கழிவறைக்குப் போய் வருவதற்கு அது. எழுவதற்கு முன்னால் கோப்பின் மேலேயே ஒரு வரி எழுதுவேன். நேற்று எழுதியது: “அடுத்து: மூன்றாம் பத்தியில் இரண்டாவது சான்று. பிடிஎஃப் 12ஆம் பக்கம். மஞ்சள் கோடு.” திரும்பி வரும்போது எங்கே விட்டேன் என்று தேடி அலைய வேண்டியதில்லை. இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

படிக்கும்போது பக்கம் கலங்கலாகத் தெரிந்தால், மைக்ரோசாஃப்டின் இம்மர்சிவ் ரீடர் என்ற வாசிப்பு வசதியில் ஒரு வரி அல்லது மூன்று வரி மட்டும் தெரியும்படி வைக்கலாம்.

கடைசியாக, ஃபோனின் முகப்புத் திரையில் ‘மோசமான நாள்’ என்று ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான்:

விளக்கை அணை. ஹெட்ஃபோன் போடு.
தோழிக்கு ‘இன்று முடியவில்லை’ அனுப்பு. விளக்கம் வேண்டாம், அவளுக்குத் தெரியும்.
கேலண்டரில் இன்று சிவப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்.
இருந்தால், ‘அவகாசம்’ டெம்ப்ளேட்டை அனுப்பு.
இல்லாவிட்டால், நாளை வரை எதையும் திறக்காதே.