செகண்ட் ஹேண்ட் போனோ மடிக்கணினியோ பழுதாக வந்ததா? பணத்தைத் திரும்ப வாங்கும் வழி

போன வருடம் தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், ஆன்லைன் சந்தை ஒன்றில் 950 வெள்ளிக்கு (ரிங்கிட்) பழைய மடிக்கணினி ஒன்று வாங்கினேன். கோலாலம்பூர் செந்தூல் வீட்டுக்குப் பார்சல் வந்ததும் ஆவலில் கிழித்துப் போட்டேன். திரை ஒளிர்ந்தது. உடனே செயலியில் 'பொருள் கிடைத்தது' பொத்தானை அழுத்திவிட்டேன். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, சார்ஜர் கம்பியைப் பிடுங்கினால் இரண்டே நிமிடத்தில் உயிர் போய்விடும் என்று. "நீங்கதான் கெடுத்திருப்பீங்க" என்றார் விற்றவர். மறுத்துப் பேச என்னிடம் ஒரு படம்கூட இல்லை. கடைசியில் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குத் தூக்கிப் போய் பேட்டரி மாற்ற 180 வெள்ளி அழுதேன்.

அன்றிலிருந்து பழைய பொருள் வாங்குவதை நிறுத்தவில்லை. பிரிக்கும் விதத்தைத்தான் மாற்றிக்கொண்டேன்.

படி 1: பிரிக்கும் முன் வீடியோ

பார்சலைத் தொடுவதற்கு முன்பே வேறொரு போனில் வீடியோவை ஓடவிடுங்கள். கூரியர் சீட்டில் உள்ள பெயரும் எண்ணும் தெளிவாகத் தெரியட்டும். பெட்டியின் ஆறு பக்கங்களையும் காட்டிவிட்டு நிறுத்தாமல் பிரியுங்கள். நடுவில் வெட்டு விழுந்தால், "அந்த இடைவெளியில் பொருளை மாற்றிவிட்டார்" என்று சொல்ல விற்றவருக்கு வழி கிடைத்துவிடும். போன் என்றால் *#06# அழுத்தினால் அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ வரும்; அதையும் அதே வீடியோவில் பிடியுங்கள். மடிக்கணினியில் அடிப்பக்கத்து சீரியல் எண் போதும்.

ஷாப்பி போன்ற தளங்களில் நீங்கள் 'பொருள் கிடைத்தது' பொத்தானை அழுத்தும்வரையோ, கெடு முடியும்வரையோ பணம் தளத்திடம்தான் இருக்கும். ஆகவே சோதனை முடியும்வரை கை அந்தப் பக்கமே போகக்கூடாது. விற்பவர் "பாஸ், சீக்கிரம் அழுத்துங்க" என்று தினமும் கெஞ்சினாலும் சரி. உங்கள் கெடு என்றைக்கு முடிகிறது என்று செயலியில் பார்த்து நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: அன்றைக்கே சோதனை

புதுப் பொருளில் ஒரு கோளாறு இருந்தால் எப்படியும் கண்ணில் படும். பழைய பொருளில் கோளாறு ஒளிந்திருக்கும், சில சமயம் ஒளித்தும் வைத்திருப்பார்கள். அதனால் நிதானமாகப் பாருங்கள்.

ஐபோன் என்றால் முதலில் பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்குக் கடவுச்சொல்லைக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் அது பூட்டிய போன். விற்றவர் தன் கணக்கிலிருந்து நீக்கித் தராவிட்டால் அது உங்களுக்குச் செங்கல்தான். பூட்டு இல்லையென்றால் அமைப்புகளில் பேட்டரியின் ஆரோக்கிய விழுக்காட்டைப் பாருங்கள். புதிய மாடல்களில் 'அறிமுகம்' பக்கத்திலேயே பேட்டரி, திரை மாற்றப்பட்டதா என்ற விவரமும் வரும். சாம்சுங் என்றால் பெரும்பாலான மாடல்களில் *#0*# அடித்தால் சோதனைப் பக்கம் திறக்கும். சிவப்பு, பச்சை, நீலத் திரைகளில் புள்ளிகளும் கோடுகளும் மறைய முடியாது.

அப்புறம் சிம் போட்டு ஒருவரோடு ஐந்து நிமிடம் பேசுங்கள். மைக், காதுப் பக்க ஒலி, ஸ்பீக்கர் மூன்றும் அதில் தெரிந்துவிடும். முன், பின் கேமரா, வைஃபை, சார்ஜ் ஏறும் வேகம் ஆகியவற்றையும் பாருங்கள். மடிக்கணினியானால் கம்பியைப் பிடுங்கிவிட்டு, பக்கத்தில் கடிகாரம் தெரியும்படி வைத்து, அணையும்வரை வீடியோ எடுங்கள். விண்டோஸில் 'பேட்டரி ரிப்போர்ட்' எடுக்கும் கட்டளை யூடியூபில் கிடைக்கும். பேட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு தாங்குகிறது என்று இரண்டு எண்களையும் அதில் பார்க்கலாம். எனக்கு அன்று இது தெரிந்திருந்தால் 180 வெள்ளி மிச்சம்.

படி 3: விளம்பரத்தோடு ஒப்பிடுங்கள்

விளம்பரப் பக்கத்தை முழுவதும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சண்டை தொடங்கியதும் சிலர் அதைத் திருத்திவிடுவார்கள். 'மூலையில் கீறல்' என்று எழுதியே விற்றிருந்தால், அந்தக் கீறலுக்காகத் திருப்பிக் கொடுக்க முடியாது. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், பொருளின் தரத்தை அளக்கும்போது அதன் விலையையும் முன்கூட்டியே சொல்லப்பட்ட குறைகளையும் கணக்கில் எடுக்கிறது. ஆனால் வியாபாரமாக விற்பவர் 'திருப்பி எடுக்கமாட்டோம்' என்று எழுதி வைத்துவிட்டால் மட்டும் இந்தச் சட்டம் தரும் உரிமை போய்விடாது. பலர் அந்த ஒரு வரியைப் பார்த்தே அடங்கிவிடுகிறார்கள்.

படி 4: செயலிக்குள்ளேயே எழுதுங்கள்

வாட்ஸ்அப்புக்கு வரச் சொல்வார்கள். போகாதீர்கள், தளத்துக்காரர் பார்ப்பது செயலிக்குள் நடந்த பேச்சைத்தான். வெறுமனே 'பாராங் ரோசாக்' (பொருள் கெட்டது) என்று எழுதினால் பதிலுக்குச் சிரிப்புப் பொம்மைதான் வரும். இப்படி எழுதுங்கள், மலாயிலோ ஆங்கிலத்திலோ மாற்றி: "இன்று காலை பார்சல் வந்தது. விளம்பரத்தில் பேட்டரி நான்கு மணி நேரம் நிற்கும் என்று இருந்தது. சார்ஜர் இல்லாமல் இரண்டு நிமிடத்தில் அணைகிறது. வீடியோ இணைத்துள்ளேன். பணத்தைத் திரும்பத் தர வேண்டுகிறேன்." திட்டு வேண்டாம்.

அதே நாளில் 'திருப்பிக் கொடுத்தல்' பொத்தானையும் அழுத்துங்கள். விற்றவரின் பதிலுக்காகக் காத்திருந்தே கெடுவைத் தவறவிட்டவர்கள் உண்டு. "ஐம்பது வெள்ளி தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்" என்றால், பழுதுபார்க்க ஆகும் செலவைக் கடையில் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

படி 5: திருப்பி அனுப்புதல்

உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுத்தான் போனை ரீசெட் செய்ய வேண்டும். மறந்தால் இப்போது பூட்டிய போனை அனுப்பியவர் நீங்களாகிவிடுவீர்கள். பெட்டி கட்டுவதையும் வீடியோ எடுங்கள். கூரியர் ரசீதைப் பணம் வரும்வரை வைத்திருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போடவும் வேண்டாம், கூரியரில் அனுப்பவும் வேண்டாம். படத்தோடு தளத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

நேரில் வாங்கியிருந்தால்

முடா விளம்பரத் தளத்திலோ பேஸ்புக்கிலோ விளம்பரம் பார்த்து, எல்ஆர்டி நிலையத்தில் சந்தித்துக் காசு கொடுத்தவர்களுக்குப் பொத்தானே கிடையாது. விற்றவர் யார் என்பதுதான் இங்கே முக்கியம்.

அவர் வியாபாரி என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. டிரிபுனல் என்றால் எல்லாருக்கும் புரியும். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். வக்கீல் வைக்க முடியாது, எதிர்த்தரப்புக்கும் அப்படியே. பாரம் 1 என்ற கோரிக்கைப் படிவத்தை இணையத்திலேயே நிரப்பலாம். தன் சொந்தப் பழைய போனை விற்ற தனிமனிதர் வியாபாரி அல்ல. அவரிடம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழியாக 5,000 வெள்ளி வரை கேட்கலாம். இரண்டுக்கும் அவருடைய முழுப் பெயரும் முகவரியும் தேவை. அதனால் காசு கொடுக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். பினாங்குப் பக்கம் இருப்பவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடம் ஆலோசனை கேட்கலாம்.

வங்கியில் பணம் போட்டபின் ஆளே காணாமல் போய்விட்டாரா? அது பழுதல்ல, மோசடி. உடனே மோசடிப் புகாருக்கான 997ஐ அழையுங்கள், பிறகு போலீஸ் ரிப்போர்ட்.

டிரிபுனல் விசாரணை நாளில் பழுதான பொருளையும் சார்ஜரையும் கையோடு கொண்டுபோங்கள். முந்தைய இரவே சார்ஜ் ஏற்றி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் அணைந்த போனைக் காட்டி 'அணைகிறது' என்று விளக்க வேண்டியிருக்கும்.