நீக்கிய ஸ்டோரேஜை சர்வர் விடாமல் தேடுகிறதா? பழைய இணைப்பை முழுவதுமாக எடுக்கும் முறை

சேலத்துச் சேகோ ஆலைகளிலும், செவ்வாய்ப்பேட்டை மொத்த வியாபார அலுவலகங்களிலும், ஏற்காட்டுக் காபித் தோட்ட அலுவலகங்களிலும் ஒரு சர்வரும் அதற்குத் துணையாக ஒரு நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டியும் இருப்பது இன்று சாதாரணம். பெட்டி பழையதாகிவிட்டால், தரவைப் புதியதற்கு மாற்றிவிட்டு, பழையதை அணைத்து ரேக்கிலிருந்து இறக்கிவிடுகிறார்கள். சர்வருக்கு மட்டும் அதை யாரும் சொல்வதில்லை. அது பழைய முகவரியை நாள் முழுவதும் அழைத்துக்கொண்டே இருக்கும். நிகழ்வுப் பதிவுகள் பிழைகளால் நிரம்பும். மறுதொடக்கம் செய்தால் இயங்குதளம் மேலே வர வெகுநேரம் பிடிக்கும். ஏற்காட்டில் ஏப்ரல், மே மாதங்களில் இடியுடன் மழை வந்து, மின்சாரம் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் சர்வர் வழக்கத்தைவிடத் தாமதமாக எழுந்து வருகிறது என்றால், சந்தேகிக்க வேண்டியவற்றில் இதுவும் ஒன்று.

விண்டோஸ் சர்வரில் ஐஸ்கசி வழியாக இணைந்திருந்த ஸ்டோரேஜையே இங்கே விரிவாக எடுத்துக்கொள்கிறேன். லினக்ஸ், பகிர்வுக் கோப்புறை, விஎம்வேர் ஆகியவற்றுக்கான குறிப்புகள் பின்னால் வருகின்றன.

சர்வர் ஏன் இப்படிச் செய்கிறது

வட்டுக்குரிய ஸ்கசி கட்டளைகளை டிசிபி இணைப்பின் வழியாக அனுப்பும் நெறிமுறையே ஐஸ்கசி. 2004-ல் ஆர்எஃப்சி 3720 என்ற ஆவணம் இதை வரையறுத்தது. 2014-ல் ஆர்எஃப்சி 7143 அதன் இடத்தைப் பிடித்தது. சர்வர் பக்கம் இருப்பது இனிஷியேட்டர், ஸ்டோரேஜ் பக்கம் இருப்பது டார்கெட், வழக்கமான போர்ட் எண் 3260. டார்கெட் தரும் இடத்தை சர்வர் தனக்குள் பூட்டிய வட்டாகவே நடத்துகிறது. ஸ்விட்ச் ஒரு நிமிடம் அணைந்து எழுந்தால்கூட வட்டு கைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காக, இணைப்பு அறுந்தால் திரும்பத் திரும்ப முயலும்படியே இனிஷியேட்டரை வடிவமைத்திருக்கிறார்கள். கேபிள் கழன்றிருக்கிறதா, பெட்டியே பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டதா என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை.

பழைய டார்கெட்டைப் பற்றிய நினைவு விண்டோஸில் முக்கியமாக மூன்று இடங்களில் தங்குகிறது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தற்போது நடந்துகொண்டிருக்கும் அல்லது நடக்க முயலும் செஷன், அதாவது டார்கெட்டுடனான நடப்பு இணைப்பு, ஒன்று. மறுதொடக்கத்துக்குப் பிறகும் தானாக இணையச் சொல்லும் ஃபேவரிட் டார்கெட்ஸ் பட்டியல் மற்றொன்று. எந்த முகவரியில் டார்கெட்டுகளைத் தேட வேண்டும் என்று சொல்லும் டிஸ்கவரி பட்டியல் மூன்றாவது. பெரும்பாலானோர் செஷனை மட்டும் துண்டித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அன்றைக்கு எல்லாம் அமைதியாகத் தெரியும். அடுத்த மறுதொடக்கத்தில் தொல்லை மீண்டும் தொடங்கும்.

படி 1: யார், எதை, எந்தப் போர்ட்டில் தேடுகிறார்கள் என்று பாருங்கள்

ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழுள்ள சிஸ்டம் பதிவுக்குச் சென்று, மூலம் என்ற இடத்தில் ஐஸ்கசிபிஆர்டி என்பதைத் தேர்ந்து வடிகட்டுங்கள். நிகழ்வு எண் 20 என்றால், டார்கெட்டுடன் இருந்த இணைப்பு அறுந்துவிட்டது, மீண்டும் முயலப்போகிறேன் என்று இனிஷியேட்டர் சொல்கிறது. நிகழ்வு எண் 1 என்றால், டார்கெட்டுடன் இணையவே முடியவில்லை என்று பொருள். இவ்விரண்டும் மாறி மாறி, சீரான இடைவெளியில் வரிசையாக நின்றால் நோய் ஏறக்குறைய உறுதியாகிவிட்டது.

அடுத்து, நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, நெட்ஸ்டாட் கட்டளையை எல்லா இணைப்புகளையும் எண் வடிவ முகவரிகளையும் பிராசஸ் எண்களையும் காட்டும் விருப்பங்களுடன் இயக்குங்கள். உதாரணமாக, பழைய பெட்டியின் முகவரி 192.168.10.50 என்றால், 192.168.10.50:3260 என்ற வரி எதிரே சின்-சென்ட் என்ற நிலை தெரியும். வணக்கம் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நிலை அது. சில நொடிகளில் வரி மறைந்து, கட்டளையை மீண்டும் இயக்கும்போது வேறொரு உள்ளூர்ப் போர்ட் எண்ணுடன் திரும்ப வந்து நிற்கும். ஒரே ஒரு முறை இயக்கிவிட்டு, எதுவும் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சற்று இடைவெளி விட்டுச் சில முறை இயக்கிப் பாருங்கள்.

போர்ட் எண்ணைக் கவனிப்பது முக்கியம். 3260 என்றால் ஐஸ்கசி, 445 என்றால் விண்டோஸ் பகிர்வுக் கோப்புறை, 2049 என்றால் லினக்ஸில் வழக்கமான கோப்புப் பகிர்வு முறையான என்எஃப்எஸ். எந்த எண் வருகிறதோ அதற்குரிய இடத்தில்தான் கைவைக்க வேண்டும். ஐஸ்கசி அமைப்பைப் பாதி நாள் குடைந்த பிறகு, அழைத்தது ஒரு பழைய டிரைவ் மேப்பிங் (பகிர்வுக் கோப்புறைக்கு டிரைவ் எழுத்துக் கொடுத்த இணைப்பு) என்று தெரியவருவது இந்தத் தொழிலில் புதிதல்ல.

படி 2: அந்த வட்டை இன்னும் யாரேனும் நம்பியிருக்கிறார்களா?

அவசரப்பட்டு நீக்க வேண்டாம். பெட்டி உண்மையிலேயே ஓய்வு பெற்றதா, அல்லது மாதக் கடைசியில் மட்டும் பேக்கப் எடுக்க யாராவது அதை இயக்குகிறார்களா என்பதை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர், "அது பழசு சார், எப்பவோ நிறுத்திட்டோம்" என்று சொன்னாலும், பேக்கப் மென்பொருளின் அட்டவணையை நீங்களே திறந்து பார்ப்பது நல்லது.

பார்க்க வேண்டியவை இவை: அந்த வட்டின் எழுத்தைக் குறிப்பிடும் பேக்கப் பணிகள், தரவுத்தளக் கோப்புகளின் பாதை, பேஜ் ஃபைல் அமைந்துள்ள இடம், நிழல் நகல்கள் சேமிக்கப்படும் இடம், டாஸ்க் ஷெட்யூலரில் உள்ள வேலைகள். ஒரு சர்வர் நின்றால் மற்றொன்று வேலையை ஏற்கும் ஃபெயிலோவர் கிளஸ்டர் இருந்தால், வட்டை முதலில் கிளஸ்டரின் பட்டியலிலிருந்து எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கிளஸ்டர் அதைத் திரும்ப மேலே கொண்டுவர முயன்றுகொண்டிருக்கும், நீங்கள் இனிஷியேட்டரைக் குறைசொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

படி 3: மேலிருந்து கீழாக நீக்குங்கள்

வரிசை மாறக் கூடாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த வட்டு இன்னும் தெரிந்தால், அதன் டிரைவ் எழுத்தை எடுத்துவிட்டு, வட்டை ஆஃப்லைன் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஐஸ்கசி இனிஷியேட்டர் சாளரத்தைத் திறந்து, டார்கெட்ஸ் தாவலில் பழைய டார்கெட்டின் பெயரைத் தேர்ந்து டிஸ்கனெக்ட் கொடுங்கள். பெயர் ஐக்யூஎன் என்று தொடங்கும் நீண்ட சரமாக இருக்கும். பழைய பெட்டிக்கும் புதிய பெட்டிக்கும் ஒரே நிறுவனத்தின் பெயர் இருந்தால் இவ்விரண்டு சரங்களும் கடைசிச் சில எழுத்துகளில் மட்டுமே வேறுபடக்கூடும். ஆகவே இறுதிவரை படித்துவிட்டு அழுத்துங்கள். இந்த முழு வேலையிலும் உண்மையான ஆபத்து உள்ள இடம் இதுதான்.

அந்தச் செஷனில் உள்ள சாதனம் பயன்பாட்டில் இருப்பதால் வெளியேற முடியாது என்ற செய்தி வந்தால், படி 2-ல் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. திரும்பிப் போய் அதைத் தேடுங்கள். சேவைகளைக் கண்மூடித்தனமாக நிறுத்துவது கூடாது.

துண்டித்த பின் ஃபேவரிட் டார்கெட்ஸ் தாவலுக்கு வாருங்கள். ஒரே ஸ்டோரேஜுக்குப் பல பாதைகளில் இணையும் மல்டிபாத் அமைத்திருந்தால் ஒரே டார்கெட்டின் பெயர் இரண்டு முறையோ நான்கு முறையோ இருக்கும். ஒவ்வொரு பாதைக்கும் ஒரு வரி. ஒன்றை நீக்கிவிட்டு மற்றவற்றை விட்டால், விட்ட வரி தன் வேலையைத் தொடரும். டீடெய்ல்ஸ் பொத்தானை அழுத்தினால் அந்த வரி எந்த முகவரிக்குரியது என்பது தெரியும். பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக ரிமூவ் கொடுங்கள்.

அதற்குப் பக்கத்தில் வால்யூம்ஸ் அண்ட் டிவைசஸ் என்றொரு தாவல் இருக்கிறது. பலர் இதைத் திறப்பதே இல்லை. இங்கே பழைய வட்டின் பெயர் இருந்தால், அது திரும்பி வருவதற்காக ஐஸ்கசி சேவை தொடக்கத்திலேயே காத்திருக்கும். மறுதொடக்கம் மெதுவாக நடப்பதற்கு இதுவும் காரணமாகலாம். பழைய வரியை மட்டும் தேர்ந்து நீக்குங்கள். எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தானை அழுத்திவிட்டால் புதிய ஸ்டோரேஜின் பதிவும் சேர்ந்து போய்விடும்.

கடைசியாக டிஸ்கவரி தாவல். பழைய பெட்டியின் முகவரியை டார்கெட் போர்ட்டல்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு பெட்டிக்கு இரண்டு நெட்வொர்க் கார்டுகள் இருந்திருந்தால் இரண்டு முகவரிகள் இருக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கீழே, டார்கெட்டுகளின் பட்டியலைத் தரும் ஐஎஸ்என்எஸ் சர்வர் ஏதேனும் குறிப்பிடப்பட்டிருந்தால் அதையும் சரிபாருங்கள்.

படி 4: மறுதொடக்கம் செய்து சோதியுங்கள்

மறுதொடக்கம் செய்யாமல் இந்த வேலை முடிந்தது என்று சொல்ல முடியாது, ஏனெனில் நிலையான பதிவுகள் தங்கள் இருப்பைக் காட்டுவதே அப்போதுதான். ஆலை ஓடாத நேரமாகப் பார்த்து சர்வரை மறுதொடக்கம் செய்யுங்கள். மேலே வந்ததும் புதிய ஸ்டோரேஜ் இணைந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பிறகு நெட்ஸ்டாட்டில் பழைய முகவரியைத் தேடுங்கள். அதன்பின் தொடக்க நேரத்துக்குப் பிந்தைய நிகழ்வு எண் 1, 20 ஆகியவற்றைத் தேடுங்கள். மூன்றும் சரியாக இருந்தால் விண்டோஸ் பக்கம் முடிந்தது.

லினக்ஸ் சர்வர் என்றால்

கருத்து அதுவேதான், பட்டியல்கள் இருக்கும் இடம் மட்டும் வேறு. ஐஸ்கசிஅட்ம் கட்டளையை செஷன் பயன்முறையில் இயக்கினால் நடப்பு இணைப்புகள் தெரியும். நோட் பயன்முறையில் இயக்கினால் சேமித்து வைத்த பதிவுகள் தெரியும். முதலில் வட்டை அடைவுடன் இணைத்திருக்கும் மவுண்ட்டை எடுத்து, மல்டிபாத் இருந்தால் அதன் வரைபடத்தை விடுவித்து, செஷனிலிருந்து வெளியேறி, நோட் பதிவை அழித்து, முடிவாக டிஸ்கவரி பதிவையும் அழியுங்கள். நோட் பதிவில் ஸ்டார்ட்அப் என்ற அமைப்பு ஆட்டோமேட்டிக் என்றிருப்பதுதான் மறுதொடக்கத்தில் தானாக இணையச் சொல்லும் கட்டளை. அதை மேனுவல் என்று மாற்றுவது தற்காலிக ஏற்பாடு மட்டுமே. பதிவையே அழிப்பது முறை.

தொடக்கத்தில் இணைக்க வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய வட்டுக்கான வரி எஞ்சியிருந்தால் தொல்லை வேறு வடிவத்தில் வரும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்-டி இயல்பாக 90 விநாடிகள் அந்தச் சாதனத்துக்காகக் காத்திருக்கும். நோஃபெயில், நெட்டெவ் போன்ற விருப்பங்கள் இல்லாத வரியாக இருந்தால் சர்வர் அவசர நிலைக்குள் போய், கடவுச்சொல் கேட்டு நின்றுவிடும். மலைமேல் ஆளில்லாத அறையில் இரவில் இப்படி நின்றால், காலையில் யாராவது சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போய்த்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். வரியை நீக்கிய பிறகு சிஸ்டம்-டியை அமைப்புகளை மீண்டும் படிக்கச் சொல்ல மறக்க வேண்டாம்.

என்எஃப்எஸ் பகிர்வு ஹார்ட் முறையில் இணைந்திருந்தால், சர்வர் முடிவின்றி முயன்றுகொண்டே இருக்கும். வட்டின் இடத்தைக் காட்டும் டிஎஃப் போன்ற எளிய கட்டளைகூட உறைந்துவிடும். அப்போது, பகிர்வை அடைவிலிருந்து உடனே பிரித்துவிட்டு மீதியைப் பிறகு சுத்தம்செய்யும் சோம்பல் முறை (லேசி) அன்மவுண்ட் கைகொடுக்கும். தேவைப்படும்போது பகிர்வைத் தானாக இணைக்கும் ஆட்டோஎஃப்எஸ் வரைபடங்களில் அந்த வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் யாராவது அந்த அடைவுக்குள் நுழைந்தவுடன் இணைப்பு முயற்சி மறுபடியும் தொடங்கும்.

போர்ட் 445 என்று வந்தால்

நெட் யூஸ் கட்டளையில் தெரியும் மேப்பிங்கை நீக்குவது பாதி வேலைதான். குரூப் பாலிசியோ லாகான் ஸ்கிரிப்ட்டோ அந்த டிரைவை உருவாக்கிக்கொண்டிருந்தால், பயனர் அடுத்த முறை உள்நுழையும்போது அது திரும்பிவிடும். சேவைக் கணக்குகளின் பெயரில் உள்ள மேப்பிங் உங்கள் திரையில் தெரியாது என்பதால், பேக்கப் சேவையின் இலக்குப் பாதையைத் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும். கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பெட்டியின் பெயரில் கடவுச்சொல் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ

மெய்நிகர் இயந்திரங்களின் கோப்புகள் இருக்கும் டேட்டாஸ்டோரை அன்மவுண்ட் செய்து, சாதனத்தை டிடாச் செய்து, டைனமிக் டிஸ்கவரி பட்டியலில் முகவரியை நீக்கி, ஸ்டாட்டிக் டிஸ்கவரி பட்டியலிலும் அதே டார்கெட்டை நீக்கி, ரீஸ்கேன் செய்யுங்கள். டைனமிக் பட்டியலில் நீக்கினால் ஸ்டாட்டிக் பட்டியலும் தானாகச் சுத்தமாகிவிடும் என்று எண்ண வேண்டாம். முறைப்படி விடுவிக்காமல் பெட்டியை அணைத்தால், எல்லாப் பாதைகளும் இறந்த நிலை என்று ஹோஸ்ட் (ஈஎஸ்எக்ஸ்ஐ இயங்கும் சர்வர்) அதைக் கருதி, இயல்பாக 140 விநாடிகள் முயன்றபின் மெய்நிகர் இயந்திரங்கள் சாராத கோரிக்கைகளைக் கைவிடும். மெய்நிகர் இயந்திரங்களிலிருந்து வரும் கோரிக்கைகள் அதன்பிறகும் தொடரும்.

ஃபயர்வாலில் தடுத்தால் போதாதா?

போதாது. பழைய முகவரிக்குச் செல்லும் பொட்டலங்களை ஃபயர்வால் ஓசையின்றி விழுங்கினால், சர்வர் ஒவ்வொரு முயற்சியிலும் முழுக் காலக்கெடுவும் காத்திருக்கும். மறுதொடக்கம் இன்னும் மெதுவாவதற்கே வாய்ப்பு அதிகம். நிகழ்வுப் பதிவில் பிழையும் நிற்காது.

பழைய பதிவுகளை முழுவதுமாக நீக்க இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பழைய பெட்டியின் முகவரியைப் புதிய ஸ்டோரேஜுக்கே கொடுத்து, டார்கெட் பெயரையும் அப்படியே வைப்பது வசதியாகத் தோன்றும். மறந்துபோன சர்வர் ஒன்றில் ஃபேவரிட் பதிவு எஞ்சியிருந்து, ஸ்டோரேஜ் பக்கத்தில் அனுமதியும் திறந்திருந்தால், அது யாரையும் கேட்காமல் புதிய வட்டில் இணைந்துகொள்ளும். கிளஸ்டர் இல்லாமல் இரண்டு சர்வர்கள் ஒரே என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு அமைப்பு) வட்டில் எழுதினால் கோப்பு அமைப்பு சிதையும். எனவே எந்த இனிஷியேட்டர் எந்த வட்டைப் பார்க்கலாம் என்ற அனுமதிப் பட்டியலை, அந்தந்த சர்வரின் ஐக்யூஎன் பெயரைக் குறிப்பிட்டே ஸ்டோரேஜில் அமையுங்கள். எல்லோருக்கும் அனுமதி என்ற அமைப்பை விட்டுவைக்காதீர்கள். பழைய முகவரியை, எல்லா சர்வர்களும் ஒருமுறையாவது மறுதொடக்கமாகி, ஸ்விட்ச்சிலோ ஃபயர்வாலிலோ அதைத் தேடி ஒரு கோரிக்கையும் வரவில்லை என்று உறுதியாகும்வரை வேறு எந்தக் கருவிக்கும் ஒதுக்க வேண்டாம்.