மின்சார கார் வருவதற்கு முன்: வீட்டு மின் இணைப்பைத் தயார் செய்வது எப்படி?

மின்சார கார் வாங்க முடிவு செய்தவர்கள் அடுத்து விசாரிப்பது சார்ஜரின் விலையை. சுவரில் மாட்டும் அந்தப் பெட்டி, பாதுகாப்பு வசதிகள் கொண்ட ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. எனவே பெட்டியைக் கடைசியில் வாங்கலாம்.

படி 1: தேவையைக் கணக்கிடுங்கள்

சராசரி கார் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 150 வாட்-மணி செலவழிக்கும். தினமும் 40 கி.மீ. ஓடினால் 6,000 வாட்-மணி, அதாவது 6 யூனிட். இழப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 7. 230 வோல்ட் இணைப்பில் 10 ஆம்பியர் எடுத்தால் 2.3 கிலோவாட், அதாவது மூன்று மணி நேர வேலை. 16 ஆம்பியரில் 3.7, 32 ஆம்பியரில் 7.4 கிலோவாட். காரின் உள் சார்ஜர் 3.3 கிலோவாட்தான் வாங்கும் என்றால், 7.4 கிலோவாட் பெட்டி வெறும் அலங்காரம். பலருக்கு 16 ஆம்பியரே தாராளம் என்பது என் கருத்து.

படி 2: இணைப்பு தாங்குமா?

மின் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட பளு, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை கிலோவாட் எடுக்கலாம் என்று பாருங்கள். ஏசி, வெந்நீர் ஹீட்டர், மோட்டார் மூன்றும் ஓடும்போது காருக்கு மிச்சம் இருக்கிறதா? இல்லையென்றால் பளுவை உயர்த்த விண்ணப்பிக்க வேண்டும். அல்லது வீட்டின் பயன்பாட்டைப் பார்த்துத் தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் சார்ஜரை வாங்க வேண்டும்.

படி 3: தனி லைன்

இனி வருவது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை. என்ன கேட்க வேண்டும் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். விநியோகப் பெட்டியிலிருந்து காருக்கென்று தனி ஒயர் வர வேண்டும். நடுவே வேறு எதையும் இணைக்கக் கூடாது. 32 ஆம்பியர் சார்ஜருக்குப் பொதுவாக 40 ஆம்பியர் எம்.சி.பி.யும் (மின்னோட்டம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) 6 சதுர மி.மீ. தாமிர ஒயரும் போடுவார்கள். தூரம் 30 மீட்டர் என்றால் அந்த ஒயரில் ஏறத்தாழ 6 வோல்ட் இழப்பு; 190 வாட் வெப்பமாகவே போகும். அங்கே 10 சதுர மி.மீ. நல்லது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

படி 4: கசிவுப் பாதுகாப்பு

மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஆர்.சி.டி.; 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. கட்டாயம். ஆனால் பழைய வீடுகளில் இருக்கும், மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் கண்டறியும் ‘ஏ.சி.’ வகை இதற்கு உதவாது. காரிலிருந்து நேர்மின்னோட்டம் (டி.சி.) கசிந்தால் அந்த வகை செயலிழந்து நிற்கும். ஆபத்து வரும்போது துண்டிக்காது. சார்ஜருக்குள் 6 மில்லி ஆம்பியர் நேர்மின் கசிவைக் கண்டறியும் வசதி இருந்தால் ‘ஏ’ வகை போதும். இல்லையென்றால் ‘பி’ வகைதான்.

படி 5: எர்த்

எர்த் சரியில்லை என்றால் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டி மறுத்துவிடும். அப்போது சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்து ஏமாற்றும் ‘கெட்டிக்காரர்’ வந்தால், வாசலோடு அனுப்பிவிடுங்கள். நியூட்ரல் ஒயர் அறுந்தால் காரின் உடம்பிலேயே மின்சாரம் பாயும். எர்த்தை அளந்து சரிசெய்வதுதான் வழி.

படி 6: சூடு பாருங்கள்

தளர்ந்த ஒரு திருகில் 0.1 ஓம் தடை இருந்தாலே, 16 ஆம்பியரில் 25 வாட் வெப்பம் அந்த ஒரு புள்ளியில் குவியும். சிறிய சால்டரிங் இரும்பின் சூடு அது. சில நிமிடங்கள் அல்ல, மணிக்கணக்கில். முதல் தடவை சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து பிளக்கையும் எம்.சி.பி.யின் முகப்பையும் வெளிப்புறமாகத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியவில்லை என்றால் சார்ஜை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, திருகுகளை இறுக்கச் சொல்லுங்கள்.