புளோக்குக்குக் கீழ நிக்கிற மரத்துல எவ்வளவு கார்பன் இருக்கு? நீங்களே கணக்குப் போடுங்க

பருவநிலை, மரம் செடி, காத்துல உள்ள கார்பன், இந்த மூணும் ஒண்ண ஒண்ணு எப்படி இழுக்குதுன்னு பத்துப் பக்கம் படிக்கிறதுக்குப் பதிலா ஒரே ஒரு மரத்த அளந்து பாருங்க, சீக்கிரமா புரியும். சிங்கப்பூர் தேக்காவுல தையல் சாமான் விக்கிற கடையில கிடைக்குற டேப் ஒண்ணு, அப்புறம் உங்க போன், அவ்வளவுதான் வேணும்.

கார்பார்க் ஓரத்துல நிக்கிற தூங்குமூஞ்சி மரம் ஒண்ணப் பிடிங்க. என்ன மரம்னு தெரியலன்னா என்பார்க்ஸ், அதான் பூங்காக்களப் பாத்துக்குற கழகம், அதோட ட்ரீஸ் எஸ்ஜி மேப்ல தட்டிப் பாக்கலாம். தரையிலேர்ந்து 1.3 மீட்டர் உயரத்துல டேப்ப சுத்துங்க, சாயாம நேரா இருக்கணும். சுத்தளவு 188 செமீ வந்தா 3.14ஆல வகுங்க, 60 செமீ, அதான் விட்டம். உயரத்துக்கு ஏணி எல்லாம் வேணாம், பக்கத்து புளோக்ல மரம் எத்தனாவது மாடி வரைக்கும் வருதுன்னு எண்ணுங்க, ஒரு மாடிக்கு 2.8 மீட்டர்னு வச்சா அஞ்சு மாடிக்குக் கொஞ்சம் மேல, 15 மீட்டர்.

இப்போ கட்டையோட அடர்த்தி (இந்த மரத்துக்கு 0.5ன்னு வைங்க) × விட்டம் × விட்டம் × உயரம், 27,000 வரும். போன சாய்ச்சுப் பிடிச்சா கால்குலேட்டர்ல அடுக்கு போடுற பட்டன் வரும், அதுல 0.976 அடுக்கு போட்டு 0.0673ஆல பெருக்குங்க. சுமார் 1,420 கிலோ, தண்ணி இல்லாத காஞ்ச எடை, வேர் சேர்க்காம. 0.47ஆல பெருக்குனா கார்பன், அத 3.67ஆல பெருக்குனா கார்பன் டை ஆக்சைடு, கிட்டத்தட்ட 2.4 டன். இது வெப்பமண்டலக் காட்டு மரங்கள வச்சுப் போட்ட சூத்திரம், கிளை வெட்டி விடுற ரோட்டு மரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

அடுத்த வருஷம் அதே மாசம் அதே இடத்துல அளங்க, இங்கதான் விஷயமே இருக்கு. சுத்தளவு 3 செமீ ஏறியிருந்தா சேந்தது சுமார் 75 கிலோ கார்பன் டை ஆக்சைடு. உங்க வீட்டுக் கரண்டு பில்ல எடுங்க, நம்ம ஊர்ல ஒரு யூனிட் கரண்டு தயாரிக்க சுமார் 0.4 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகுது, மாசம் 400 யூனிட்னா 160 கிலோ. அந்த மரம் வருஷம் பூரா வளந்தது உங்க வீட்டோட அரை மாசக் கரண்டுக்குத்தான் காணும். அதனாலதான் கன்னு நடுறத விட ஏற்கனவே சேந்து கிடக்கறத காப்பாத்தறது எனக்குப் பெருசாத் தெரியுது.

மழை இல்லாத மாசத்துல இலை தன் துளைகள மூடிக்கும், தண்ணி போகாது, கார்பனும் உள்ள வராது. எல் நினோ வருஷத்துல, அதாவது பசிபிக் கடல் சூடாகி இங்க மழை குறையிற வருஷத்துல, இது நம்ம வட்டாரம் முழுக்க நடக்கும். 2015ல இந்தோனேசியாவுல சுமத்ராவுலயும் கலிமந்தான்லயும் கால்வாய் வெட்டித் தண்ணிய வடிச்ச பீட் நிலம், ஆயிரக்கணக்கான வருஷமா மக்காமச் சேந்த செடிகொடி, தீப்பிடிச்சுது, செப்டம்பர் 25 இங்க ஸ்கூல் மூடற அளவுக்குப் புகை. ஹவாயில மௌனா லோவாவுல 1958லேர்ந்து காத்துல உள்ள கார்பன் டை ஆக்சைட அளந்துட்டு வர்ற கணக்குல அந்த வருஷ ஏத்தம் வழக்கமான 2 சொச்சம் பிபிஎம்ல (பத்து லட்சத்துல எத்தன பங்குங்கற அளவு) இல்லாம 3 கிட்ட போச்சு, வறட்சியும் தீயும் ரெண்டும் சேந்து. அந்த கிராஃப நெட்ல எடுத்துப் பாருங்க, 315லேர்ந்து 420க்கு மேல ஏறுது, நடுவுல பல்லு பல்லா மே மாசம் உச்சி, செப்டம்பர் அக்டோபர்ல பள்ளம், வடக்குல உள்ள காடுங்க கோடையில இழுத்துக் குளிர்ல விடுறது அது.

நேரம் கிடைச்சா சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போங்க, பலகைப் பாதையிலேர்ந்தே சதுப்புநில மரங்களப் பாக்கலாம். அங்க டேப் போட்டுப் பிரயோஜனம் இல்ல, கார்பன்ல பெரும்பங்கு தண்டுல இல்ல, கீழ சேத்துக்குள்ள இருக்கு.