இரும்புப் பாலம்: கர்டரை (பாலத்தைத் தாங்கும் நீள உத்திரத்தை) ஏற்ற எந்த வழி மலிவு?

முதலில் தரையைப் பாருங்கள். கெட்டியான இடமிருந்தால் கிரேன் வைத்துத் தூக்குவதே பெரும்பாலும் மலிவு. ஆனால் '200 டன் கிரேன்' என்ற பேச்சை நம்பி வாடகை பேசாதீர்கள். அந்த எடை மிக அருகில் தூக்கும்போதுதான். பூம் (கிரேனின் கை) நீள நீளத் திறன் மளமளவென்று சரியும். லோடு சார்ட்டில் (எவ்வளவு தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்ற அட்டவணை) உங்கள் தூரத்துக்கான எண்ணைப் பாருங்கள். கர்டரோடு கொக்கி, ஸ்லிங் (கட்டித் தூக்கும் கயிறு) எடையையும் கூட்டுங்கள்.

கீழே ரயில் பாதையோ ஆறோ இருந்தால் லாஞ்சிங்: கர்டரைக் கரையில் பூட்டி, உருளைகள் மேல் முன்னோக்கித் தள்ளுவது. கர்டர் உயரம் சீராக இருக்க வேண்டும். கர்டரின் முன்னால் பூட்டும் இலகுவான முன்மூக்கின் நீளம், ஸ்பானில் (இரு தூண்களுக்கு இடையிலான தூரத்தில்) சுமார் 60–70 சதவீதம். இங்கே வழக்கமான கோளாறு, உருளைக்கு மேல் வெப் (கர்டரின் நடுவில் நிற்கும் தகடு) நசுங்குவது. ஸ்டிஃப்னர் (வெப்பை விறைப்பாக்கும் தகடு) இல்லாத பகுதியும் உருளையைக் கடந்துதானே போகும்!

ஆழமான பள்ளத்தாக்கு என்றால், காஷ்மீர் ரயில் பாதையின் செனாப் பாலத்தில் செய்த வழி: 467 மீட்டர் வளைவை இரு கரையிலிருந்தும் கேபிள் கிரேனால் (பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டிய கம்பியில் ஓடும் கிரேன்) நீட்டி, 2021 ஏப்ரலில் நடுவில் இணைத்தார்கள். செலவு கூடுதல்தான், ஆனால் அங்கே சாரம் கட்ட முடியாது.