கேம்பர் வானில் இழுப்புக் கட்டிலும் குசினி லாச்சியும்: தரை, பலகை கெடாமல் காப்பதும் கெட்டதைத் திருத்துவதும்

அமெரிக்காவின் பெரிய மோட்டார் வீடுகளில் ஒரு பக்கச் சுவரே மோட்டார் பலத்தில் வெளியே தள்ளிக்கொண்டு வரும். கொழும்பில் நாம் கட்டும் கேம்பர்களுக்கு அந்த ஆடம்பரம் இல்லை. டொயோட்டா ஹையேஸ், நிசான் கரவன் வான்களின் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, இழுத்தால் நீளும் கட்டிலும் பின்கதவால் வெளியே வரும் குசினி லாச்சியும் பூட்டுகிறோம். உள்ளே நேரும் சேதம் மட்டும் அங்கும் இங்கும் ஒன்றுதான்: கீறிய தரை, உரசிய பக்கப் பலகை, பிடுங்கிக்கொண்டு வந்த ஆணி, ஊறி ஊதிய பிளைவூட். பாரத்தைக் குறை சொல்லுவார்கள். பெரும்பாலும் பாரம் அல்ல, கோணல்தான் காரணம்.

கோணல் வருவதற்கு இரண்டு வழிகள் உண்டு. லாச்சி ஓடும் பெட்டியைக் கட்டும்போதே மூலைமட்டம் தவறியிருக்கலாம். அல்லது வானை ஒரு சில்லு பள்ளத்திலும் மறு சில்லு மேட்டிலும் நிறுத்திவிட்டு லாச்சியை இழுத்திருக்கலாம். அப்போது வானின் உடலோடு சேர்ந்து பெட்டியும் சற்று முறுகும். முதலாவதைக் கண்டுபிடிக்க ஒரு அளவு நாடா போதும். பெட்டியின் வாயில் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு அளவுக்கும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் லாச்சி ஒரு பக்கம் உரசியே தீரும். இரண்டாவதற்கு மருந்து பழக்கம்தான்: மட்டமான இடத்தில் நிறுத்துங்கள், அல்லது பள்ளத்துச் சில்லுக்குக் கீழ் பலகை கொடுங்கள். முரண்டு பிடிக்கும் லாச்சியை ஒருபோதும் பலம் கொடுத்து இழுக்காதீர்கள்.

லாச்சி ரெயில் பூட்டுவதில் ஒரு அளவை மனதில் வைத்திருக்கவேண்டும். கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும், பக்கவாட்டில் பூட்டும் குண்டுச் சுழல் (போல் பெயாரிங்) ரெயிலுக்கு ஒவ்வொரு பக்கமும் 12.7 மி.மீ. இடம் வேண்டும். பெட்டியின் உள் அகலம் 600 மி.மீ. என்றால் லாச்சியின் வெளி அகலம் 574 மி.மீ. பாரம் தூக்கும் தடித்த ரெயில்கள் பலவற்றுக்கு 19 மி.மீ. கேட்கும். ஆகவே ரெயிலைக் கையில் வாங்கி, அதை அளந்த பிறகே பலகை வெட்டுங்கள். இடம் கூடிவிட்டால் பயமில்லை. ரெயிலுக்குப் பின்னால் 1 மி.மீ. ஃபோமிகா துண்டு வைத்துச் சரிக்கட்டலாம். குறைந்துவிட்டால் லாச்சியின் பக்கத்தைச் சீவவேண்டி வரும், பிளைவூட்டின் மேல்தோல் போய்விடும். கொஞ்சம் சிறிதாகக் கட்டுவதே புத்தி.

வீட்டு அலுமாரிக்கு விற்கும் ரெயில் 35 முதல் 45 கிலோ வரை தாங்கும். காஸ் அடுப்பு, சிலிண்டர், தண்ணீர்க் கான், சட்டி பானை எல்லாம் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். அதனால் குசினி லாச்சிக்கு 100 கிலோவுக்குக் குறையாத, உள்ளேயும் வெளியேயும் பூட்டு விழும் ரெயில் தேவை. பூட்டு இல்லாவிட்டால் கடுகண்ணாவ மலை வளைவில் லாச்சி தானாக ஓடிவந்து பின்கதவில் இடிக்கும். கதவின் உள்தட்டு உடைவது பெரும்பாலும் இப்படித்தான்.

பாரமான லாச்சி முழுக்க வெளியே வந்ததும் பெட்டியின் உட்பக்கம் மேலே கிளம்பப் பார்க்கும். சிறுவர் ஏறி விளையாடும் சீசோ பலகை மாதிரி. பெட்டியை வெறும் ஸ்குரூ ஆணியால் தரைப் பிளைவூட்டில் அடித்திருந்தால் பத்து இருபது தடவையில் உட்பக்க ஆணிகள் தளர்ந்து, துளை பெருத்து, பலகையோடு பிய்ந்து வரும். கழற்றிய இருக்கைகளின் போல்ட் துளைகள் தரைத் தகட்டில் அப்படியே இருக்கும். அவற்றுக்கு அளவான போல்டும் அகல வோஷரும் போட்டு பெட்டியின் உட்பக்கத்தை அவற்றில் பிடித்துவிடுங்கள். புதிதாகத் துளைப்பதாக இருந்தால் முதலில் வானுக்கு அடியில் படுத்துப் பாருங்கள். எரிபொருள் தாங்கி, பிரேக் குழாய், வயர் எல்லாம் அங்கேதான் போகின்றன. துளைத்த ஓரத்துக்குக் கறள் தடுக்கும் பூச்சு கட்டாயம். காலி முகத்திடல் பக்கம் தினமும் நிறுத்தும் வண்டி என்றால் உப்புக் காற்று சும்மா விடாது.

சட்டங்கள் ஒன்றின் இடையில் ஒன்று ஓடும் இழுப்புக் கட்டிலுக்கு வேறு கணக்கு. மரம் நீளவாட்டில் ஊதாது, அகலவாட்டில் ஊதும். 70 மி.மீ. அகலச் சட்டம் மழைக்காலத்தில் கிட்டத்தட்ட 1 மி.மீ. பருக்கும். பெப்ரவரி வெயிலில் இறுக்கமாகப் பொருத்திய கட்டில் யூனில் அசையாது. அசைக்கப் போனால் சட்டம் பிளக்கும். சட்டத்துக்குச் சட்டம் 3 மி.மீ. விடுங்கள். மொரட்டுவை தச்சரிடம் கொடுத்தாலும் இதை வாயால் சொல்லிவிடுங்கள். வீட்டுத் தளபாடம் செய்து பழகிய கை இடைவெளியைக் குறையாக நினைத்து இறுக்கிவிடும்.

தரையைக் கீறுவது கட்டில் கால் அல்ல, காலுக்கு அடியில் மாட்டிய மணல். அறுகம் குடாவுக்குப் போய் வந்த வானில் நைலோன் உருளை பூட்டியிருந்தால் மணல் அதில் புதைந்து, உருளையே சாண்ட் பேப்பர் ஆகிவிடும். கம்பளித் துண்டு ஒட்டுவது இன்னும் மோசம். 10 மி.மீ. தடிப்புள்ள வெள்ளை பிளாஸ்டிக் வெட்டுப்பலகையை 30 மி.மீ. கீற்றுகளாக அறுத்து, கட்டில் காலுக்கு அடியில் தலை புதைந்த ஆணியால் பூட்டுங்கள். வழுக்கும், தண்ணீர் குடிக்காது, தேய்ந்தால் மாற்றலாம். ரெயிலுக்குக் கிரீஸ் வேண்டாம். தூசியைச் சேர்த்துப் பசையாக்கும். துடைத்துவிட்டு உலர்ந்த டெஃப்லோன் ஸ்பிரே அடியுங்கள். கதவு இறப்பருக்கு சிலிக்கன் ஸ்பிரே மட்டும். பெற்றோலிய எண்ணெய் பட்டால் இறப்பர் ஊதி இளகும்.

இனித் திருத்தம். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பலகை மாற்றினால் அடுத்த மழையோடு அதே வேலை. பின்கதவு இறப்பர் முழுக்க வெண்கட்டி தேய்த்து, கதவை மூடித் திறந்து பாருங்கள். வானின் உடலில் வெள்ளைக் கோடு அறுந்த இடத்தில் இறப்பர் அழுத்தவில்லை. பிறகு ஒருவர் உள்ளே டோர்ச்சோடு இருக்க, மற்றவர் ஹோஸால் கீழிருந்து மேலாக நனைக்கட்டும். மேலிருந்து தொடங்கினால் வழிந்து வரும் தண்ணீர் எல்லா இடத்தையும் ஒழுக்காகக் காட்டும். பின்விளக்கின் வோஷர், கூரைக் கரியரின் போல்ட், யன்னல் இறப்பர் மூன்றையும் தவறாமல் பாருங்கள். பழைய சிலிக்கனுக்கு மேல் புதியது ஒட்டாது. முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, கூரைக்கு பொலியூரிதேன் சீலன்ட் போடுங்கள்.

ஸ்குரூ ஆணித் துளை பெருத்திருந்தால் அதைவிடத் தடித்த ஆணி போடுவது ஒரு வாரத் தீர்வு. துளையை 8 மி.மீ.க்குப் பெருப்பித்து, 8 மி.மீ. மர முளையை எபொக்சி பசையில் தோய்த்து அடித்து, 24 மணித்தியாலம் விட்டு, மேல்மட்டமாக அறுத்து, 4 மி.மீ. ஆணிக்கு 2.5 மி.மீ. வழித்துளை போடுங்கள். அடியில் கை போகும் இடமென்றால் போல்ட்டும் நட்டும் போடுவதே மேல்.

வினைல் தரையின் ஆழக் கீறலுக்கு மிஞ்சிய துண்டொன்றைச் சேதத்தின் மேல் பூவேலை பொருந்த வைத்து டேப்பால் ஒட்டி, கூரான கத்தியால் இரண்டையும் ஒரே வெட்டில் அறுங்கள். கீழே உள்ளதை எடுத்துவிட்டு மேல் துண்டை அந்தக் குழியில் ஒட்டினால் விளிம்பு மயிரிழையில் பொருந்தும். விளிம்புக்கு வினைல் சீம் சீலர் (பொருத்தை மூடும் பசை) பூசுங்கள்.

ஊறிய பிளைவூட்டை ஸ்குரூ டிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். தோல் மட்டும் பிரிந்து உள்ளே உறுதியாக இருந்தால், நன்றாக உலர்ந்த பிறகு ஊசியால் மரப்பசை ஏற்றி, பொலித்தீன் விரித்து, பாரம் வைத்து ஒரு நாள் விடலாம். நுனி உள்ளே இறங்கினால் வெட்டத்தான் வேண்டும். கறுத்த இடத்தைத் தாண்டி, உறுதியான மரம் வரை சதுரமாக வெட்டுங்கள். வட்ட வாளின் வெட்டு ஆழத்தைப் பலகைத் தடிப்புக்கு மேல் போகாமல் வையுங்கள், கீழே தகடு. திறந்த குழியை மின்விசிறி போட்டு உலர விடுங்கள். கொழும்பில் யூன், யூலையில் ஒரு வாரமும் போதாமல் போகும். உலர்ந்ததா என்று பார்க்க, பக்கத்துப் பலகையின் மேல் ஒரு பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் பனித்திருந்தால் இன்னும் பொறுக்கவேண்டும்.

பிறகு வெட்டின் விளிம்புகளுக்குக் கீழே 50 மி.மீ. அகலப் பலகைக் கீற்றுகளைப் பாதி உள்ளே, பாதி வெளியே நிற்க ஒட்டி ஆணியடியுங்கள். அடியில் இடமில்லாவிட்டால் வெட்டைத் தகட்டின் மேடான வரி வரை நீட்டி அதன்மேல் உட்கார வைக்கலாம். புதுத் துண்டு அதே தடிப்பில், தண்ணீர் தாங்கும் பசையால் ஒட்டிய மெரின் பிளைவூட்டாக இருக்கட்டும்; சிப்போர்ட், எம்.டி.எஃப். இந்த ஈரத்தில் நிற்காது. அதன் நான்கு ஓரத்துக்கும் எபொக்சியோ பொலியூரிதேனோ இரண்டு பூச்சு கொடுத்த பின்பே இறக்குங்கள். பிளைவூட் தண்ணீர் குடிப்பது முகத்தைவிட ஓரத்தால்தான் அதிகம்.

எல்லாம் பூட்டி முடித்ததும் லாச்சியை வெறுமையாகப் பத்துத் தடவை ஓட்டிப் பாருங்கள், பிறகு பாரத்தோடு. முதல் நீண்ட ஓட்டம் முடிந்து வந்ததும் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள். புதுப் பலகை வோஷருக்குக் கீழ் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.