ஜெல் ஐலைனர் கோடு இரண்டாகப் பிரிந்த கதை

நாலு நாளாக ஒரே தொல்லை. பிரஷ்ஷில் ஜெல் ஐலைனர் எடுத்து இமையோரம் கோடு இழுத்தால் நடுவில் விட்டுவிட்டு விழுந்தது, வால் பக்கம் இரட்டைக் கோடானது. ஜெல் காய்ந்துவிட்டதென்று புது டப்பா வாங்கினேன், அதே கதை. அப்புறம் இயற்கை முடி பிரஷ். அது ஜெல்லை உறிஞ்சிக்கொண்டு துவண்டது, காசு தண்டம்.

கடைசியில் பழைய நைலான் பிரஷ்ஷை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முனை சுத்தம். ஆனால் உலோகப் பூண் முடியைக் கவ்வும் இடத்தில் கறுப்பாக ஒரு கட்டி. அதுதான் முடிகளை விரித்துவைத்திருக்கிறது! வாட்டர்ப்ரூஃப் ஜெல் ஆயிற்றே, வெறும் சோப்புக்கு அசையவில்லை. இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பூணருகே விரலால் உருட்டினேன், பிறகு ஷாம்பு. முனையைக் கூராக்கித் தலைகீழாகத் தொங்கவிட்டேன். மறுநாள் ஒரே இழுப்பில் கோடு வந்தது.

இப்போது பிரஷ் வாங்கும்போது புறங்கையில் அழுத்திப் பார்க்கிறேன். எடுத்ததும் முடி ஒன்றுசேராவிட்டால் வேண்டாம்.